கொடி காடாகப் படர்கிறது, கிழங்கு எங்கே?

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வீட்டுக்குப் பின்னால் செம்மண் பாத்தியில் சர்க்கரைவள்ளி வைத்தேன். வேன் வண்டியில் வந்தவரிடம் ‘ஒட்டு நாற்று’ ஒன்று 60 ரூபாய் என்று பத்து வாங்கினேன். அவர் கொடுத்த ஊக்கி மருந்தை வாரம் தவறாமல் ஊற்றினேன், சாணிக் கரைசலும் ஊற்றினேன். தழை காடாகப் படர்ந்தது. ஐந்து மாதம் கழித்துத் தோண்டினால் விரல் பருமனில் வேர்தான் இருந்தது. தேறிய நான்கு கிழங்கும் துளை விழுந்து கசந்தன. மண் கெட்டுவிட்டதா? குருணை மருந்து போடலாமா?”

மண் கெடவில்லை அம்மா. மண்ணில் தூவும் அந்தப் பூச்சிக்கொல்லிக் குருணையும் வேண்டாம். பிள்ளைகள் சாப்பிடப்போகும் நான்கடிப் பாத்தியில் அந்த விஷத்தைக் கொட்டச் சொல்லும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் அந்த நாற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைவள்ளியில் ஒட்டு நாற்று என்று விற்கப்படுவது ஏமாற்று. ஒட்டுக் கட்டுவது மாமரத்துக்கு. சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு ‘ஒட்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே நல்ல சரக்கு என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைத்தான் வேனில் ஏற்றி விற்கிறார்கள். உங்கள் கைக்கு வந்தது வெறும் கொடித்துண்டு. வெட்டிய கொடியை நேராக ஈர மண்ணில் புதைத்தாலே ஒரு வாரத்தில் வேர் பிடித்துவிடும். கறுப்புப் பையில் நாள் கணக்கில் சுருண்டு கிடந்த வேர் பிறகு ஒழுங்கான கிழங்காகத் திரள்வதுதான் கடினம்.

நல்ல கொடி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் எனக்கே கோபம் வருகிறது. கிழங்குப் பயிர்களுக்கென்றே திருவனந்தபுரத்தில் 1963 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கோ 1, கோ 2, கோ 3 என்று ரகங்களைத் தந்திருக்கிறது. இத்தனை இருந்தும் ஒரு குடும்பத்துக்கு இருபது துண்டு சுத்தமான கொடி வேண்டும் என்றால் அலைய வேண்டியிருக்கிறது. நான் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது கத்தரி, வெண்டை விதைப் பொட்டலத்தை நீட்டினார்கள். கேட்பவருக்கு வேண்டியது கொடி. கொடுப்பது கணக்கில் இருக்கும் பொட்டலம். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால், சர்க்கரைவள்ளி வைத்திருக்கும் விவசாயி யாரிடமாவது அறுவடை நாளில் போய், துளையில்லாத செடியின் நுனிக்கொடியைக் கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் நீளம், நான்கு கணு இருந்தால் போதும்.

இனி, கிழங்கு ஏன் திரளவில்லை என்பது. நட்ட முதல் ஐந்தாறு வாரத்தில்தான் எந்த வேர் கிழங்காகும், எது வெறும் வேராக நின்றுவிடும் என்பது முடிவாகிறது. அந்தச் சமயத்தில் தண்ணீர் தேங்கினாலும் தழைச்சத்து மிஞ்சினாலும் வேர் நாராக முற்றிவிடும்; செடி முழு பலத்தையும் இலையில் காட்டும். ஊக்கியும் சாணிக் கரைசலும் சேர்ந்து செய்தது இதைத்தான். அடியில் மட்கிய தொழுவுரம் ஒரு முறை போதும். மேலுக்கு அடுப்புச் சாம்பல் போடுங்கள், அதில் கிழங்குக்கு வேண்டிய சாம்பல்சத்து இருக்கிறது. இரண்டடி இடைவெளியில் மண்ணை வரப்பு போல உயர்த்திப் பார் கட்டி, முக்கால் அடிக்கு ஒரு துண்டு நடுங்கள். படரும் கொடி கணுவுக்குக் கணு வேர் விடாதபடி அவ்வப்போது தூக்கிப் புரட்டிவிடுங்கள்.

துளைத்தது கூன்வண்டு. எறும்பு போல மெலிந்து, கருநீலமாக மின்னும். நடுவில் செம்மஞ்சள் நிறம். மண் வெடித்த இடத்தின் வழியே இறங்கிக் கிழங்கில் முட்டையிடும். ஆகையால் 30ஆம் நாளும் 60ஆம் நாளும் மண் அணைத்து வெடிப்பை மூடுங்கள். போன தடவை விட்ட கொடி, கிழங்கு எதுவும் மண்ணில் கிடக்க வேண்டாம். இந்த முறை வேறு இடத்தில் நடுங்கள். கசந்த கிழங்கை மாட்டுக்கும் போடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த சர்க்கரைவள்ளி மாட்டின் நுரையீரலைத் தாக்கும்.

அறுவடை நெருங்கினால் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் நம் செம்மண்ணுக்கு ஒரு விலக்கு உண்டு. காய்ந்தால் இந்த மண் கல்லாகிவிடும். கடப்பாரை போட்டால் பாதிக் கிழங்கு வெட்டுப்படும், வெட்டுப்பட்டது அழுகும். எனவே தோண்டுவதற்கு மூன்று நாள் முன்பு ஒரே ஒரு லேசான தண்ணீர் விடுங்கள். பாத்தி நிரம்ப அல்ல, பாரின் ஓரம் நனைகிற அளவு. மழை பெய்திருந்தால் அதுவும் வேண்டாம். மண் பொலபொலவென்று உதிரும் பதத்தில் பாருக்கு ஓரடி தள்ளி மண்வெட்டியை இறக்கி நெம்புங்கள். சேறாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள்.

ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம். 105ஆம் நாளுக்கு மேல் ஒரு கிழங்கை எடுத்துக் கத்தியால் குறுக்கே வெட்டி வையுங்கள். வெட்டிய முகத்தில் வரும் பால் நிறம் மாறாமல் காய்ந்தால் முற்றிவிட்டது. கறுத்தால் இன்னும் பத்து நாள் விடுங்கள். எடுத்த கிழங்கைக் கழுவாமல், வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஈரச் சாக்கு போர்த்தி ஒரு வாரம் வையுங்கள். தோலில் பட்ட கீறல் ஆறும், இனிப்பும் கூடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் நடுவே கட்டையாகிவிடும். பொங்கலுக்கு உங்கள் கிழங்கே வேண்டும் என்றால் செப்டம்பர் நடுவுக்குள் கொடி மண்ணில் இருக்க வேண்டும்.