மழைக்காலத்தில வாசிக்க எந்த நவீன எழுத்தாளர் நல்லம்? கொழும்பில இருக்கிறவை சொல்லுங்கோ

ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டு, ஒரு கையில தேத்தண்ணி மற்றக் கையில புத்தகம், அப்பிடி ஒரு படத்தை மனசில வச்சுத்தான் கேட்டிருக்கிறீங்கள் போல. வெள்ளவத்தை பிளட்டில மழை எண்டா முதல் பிரச்சினை உடுப்பு. காயவே காயாது. பல்கனியில போட்டா கடல் காத்து உப்பையும் கொண்டு வந்து அப்பும், ஹோலுக்குள்ள கயிறு கட்டிப் போட்டு ஃபேனை ஃபுல்லா விட்டாலும் பிள்ளையின்ட ஸ்கூல் யூனிபோர்மில ஒரு புழுங்கின மணம் நிக்கும், விடியக்காலம அயர்ன் பண்ணித்தான் ஈரத்தைப் போக்கோணும், அந்த நேரம் பாத்து கரண்ட் போகும். மழை விட்ட கையோட பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பூச்சாடித் தட்டைத் தூக்கிப் பாப்பார், நுளம்புக் குடம்பி கண்டா வழக்குத்தான். அவரையும் குறை சொல்லேலாது, 2017இல நாடு முழுக்க ஒரு லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு வந்தது.

சரி, எழுத்தாளர்மாருக்கு வருவம்.

ஒரு விசயம் கவனிச்சிருக்கிறீங்களா, எங்கட தமிழ்க் கதையளில வாற மழை பெரும்பாலும் மாரி மழை. ஐப்பசி, கார்த்திகை, வெள்ளம் நிக்கிற வயல், தவளைச் சத்தம். யாழ்ப்பாணத்துக்கு அதுதான் மழை. ஆனா மே மாசம் ஊரில சோளகம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அடிக்க, இங்க தென்மேற்குப் பருவக்காத்து வந்து காலி வீதியை வாய்க்கால் ஆக்கிப் போடும். (2016 மேயில கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கம் சனம் போட்டில போனதை டிவியில பாத்திருப்பீங்கள்.) நான் வாசிச்ச அளவில இந்த மே மழைக்கு தமிழில பேர் சொல்லுற மாதிரி ஒண்டும் ஆம்பிடேல்ல. அதை உலகம் வாசிக்கிற கவிதையாக்கினது ஆர் எண்டா, சிலி நாட்டுக்காரர் பாப்லோ நெருடா.

1929இல சிலி நாட்டுக் கொன்சலா, அதாவது தூதரக அதிகாரியா, இங்க வந்து, இதே வெள்ளவத்தையில கடலோரம் ஒரு சின்ன பங்களாவில இருந்தவர், அப்ப வயசு இருபத்தஞ்சு கூட நிரம்பேல்ல, கீரிப்பிள்ளை ஒண்டும் வளத்தவர். மே மாதப் பருவமழை எண்ட தலைப்பிலயே ஒரு கவிதை இருக்கு. பிறகு 1971இல நோபல். எங்கட ஏரியாக்காரர் எண்டு பெருமையாச் சொல்லிக்கொண்டு திரியலாம்தானே?

ஏலாது. செத்ததுக்குப் பிறகு வெளிவந்த தன்ர நினைவுக்குறிப்பில அவரே ஒண்டு எழுதி வச்சிருக்கிறார். அந்தக் காலத்து வீட்டுக் கக்கூசில வாளிதான், விடிய முந்தி வந்து அதை எடுத்துக்கொண்டு போறது ஒரு தமிழ்ப் பெண், ஒடுக்கப்பட்ட சாதியில பிறந்தவ. இவர் அவவின்ட வடிவைப் பாத்து மயங்கி, பட்டு, பழம் எண்டு வழியில வச்சுப் பாத்திருக்கிறார், அவ திரும்பியும் பாக்கேல்ல. கடைசியா ஒரு நாள் கையைப் பிடிச்சு அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போயிட்டார். முழுக்க கண்ணைத் திறந்தபடியே கிடந்தா, சிலை மாதிரி, என்னை அவ வெறுத்தது நியாயம்தான் எண்டு அவரே எழுதுறார். அதுக்கு என்ன பேர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. 2018இல சந்தியாகோ விமான நிலையத்துக்கு இவற்ற பேரை வைக்கப் பாக்கேக்க சிலிப் பெண்களே எதிர்த்து நிண்டவை. அசோக ஹந்தகம 2021இல இதை வச்சு ஒரு சிங்களப் படமும் எடுத்தவர்.

அந்தப் பெண்ணுக்கு புத்தகத்தில பேர் கூட இல்லை. மழைக் கவிதையை வாசிக்கேக்க எனக்கு வாற கேள்வி ஒண்டுதான், அந்த மே மாசம், அந்த மழைக்குள்ள, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால போனது ஆர்? கவிதை நல்ல கவிதை, வாசிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல, ரெண்டையும் சேர்த்து வாசியுங்கோ.

என்னைக் கேட்டா, மழையில நனையிறவை பக்கம் நிண்டு எழுதினவையைத் தேடிப் பிடியுங்கோ. தெளிவத்தை ஜோசப்பைச் சொல்லுவன். தென்மேற்கு மழையின்ட முழு அடியையும் வாங்கிறது மலையகத்தின்ட மேற்குச் சரிவுதான், தலையில கம்பளி, இடுப்பில படங்கு, காலில அட்டை, அப்பிடியே கொழுந்து பறிக்கோணும், பிறகு ஒழுகிற லயத்துக்குத்தான் திரும்பி வரோணும். அந்தச் சனத்தை உள்ளுக்க இருந்து எழுதினவர் அவர். 2013இல விஷ்ணுபுரம் இலக்கிய விருது குடுத்தவை, 2022இல காலமானார்.

டொமினிக் ஜீவாவையும் விடேலாது. சலூன் வச்சிருந்த மனுசன் 1966இல யாழ்ப்பாணத்தில மல்லிகை எண்ட இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கி, புத்தகக் கட்டைத் தானே காவிக்கொண்டு றோட்டு றோட்டா வித்தவர், பிறகு கொழும்பு 13இல இருந்தும் நடத்தினவர். காகிதத்தை நனையாமக் கொண்டுபோறது எவ்வளவு கஷ்டம் எண்டு மழைக்க 155 பஸ்ஸுக்கு நிண்டு பாத்தவைக்குத் தெரியும்.

புது ஆக்கள் வேணுமெண்டா அனுக் அருட்பிரகாசம், கொழும்புப் பெடியன், இங்கிலீஷில எழுதுறவர், 2021 புக்கர் பரிசுக் குறும்பட்டியலில வந்த நாவல் கொழும்பில தொடங்கி கிளிநொச்சிக்குப் போற கதை. அவற்ற வசனம் ஒண்டு தொடங்கினா லேசில முடியாது, ஆனா வெளியால போகேலாத நாளுக்கு அது சரிதான்.

காசு செலவழிக்க விருப்பமில்லை எண்டா மல்லிகை பழைய இதழ்கள் நூலகம் எண்ட இணையத்தளத்தில சும்மாவே கிடக்கு. பிடிஎஃபை முதல்லயே டவுன்லோட் பண்ணி வையுங்கோ, மழை இருட்டினா வைஃபையும் கரண்டோட சேர்ந்து போயிடும்.