போயாவன்று புறக்கோட்டை வேண்டாம்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறேன். அடுத்த போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, வெள்ளிக்கிழமை வருகிறது. அம்மாவும் தம்பியும் மட்டக்களப்பிலிருந்து வந்து ஞாயிறு வரை நிற்பார்கள். கோயில், கடற்கரை எல்லாம் முன்பே காட்டிவிட்டேன். இந்த முறை சாப்பாட்டுக் கடைகளும் சந்தைகளும் சுற்றலாம் என்று யோசனை. வெள்ளி காலையில் புறக்கோட்டையில் தொடங்கினால் சரிவருமா? அம்மா சுத்த சைவம். தம்பி எதையும் விடமாட்டான்.

பதில்: வெள்ளி காலையில் புறக்கோட்டைக்குப் போனால் இழுத்து மூடிய கதவுகளைத்தான் அம்மாவுக்குக் காட்டுவீர்கள். போயாவிலும் ஞாயிறிலும் அங்கே மொத்தக் கடைகளில் பெரும்பாலானவை பூட்டு. நடைபாதையில் உடுப்பும் செருப்பும் விற்பார்கள், அவ்வளவுதான். கொழும்பில் விடுமுறைக்குச் சுற்றுவதென்றால், எங்கே போகலாம் என்பதற்கு முன் அது என்ன விடுமுறை என்று பார்க்க வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு ஊரே காலியாகும், பாண் வாங்கக்கூட அலைய வேண்டியிருக்கும். வெசாக் என்றால் கடையே தேவையில்லை, தெருவுக்குத் தெரு தன்சலில் கூப்பிட்டுச் சாப்பாடு தருவார்கள். சாதாரணப் போயாவில் இறைச்சிக் கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும். மற்றதெல்லாம் ஏரியாவைப் பொறுத்தது.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். வெள்ளிக்கு வெள்ளவத்தை, சனி காலைக்குப் புறக்கோட்டை. தினமும் நடக்கிற ஊர்தானே என்று நினைக்காதீர்கள். வேலைக்கு ஓடுகிறபோது பார்க்கிற வெள்ளவத்தையும், அம்மாவோடு கடை கடையாக நின்று பார்க்கிற வெள்ளவத்தையும் ஒன்றல்ல.

காலி வீதியிலும் அதிலிருந்து பிரிகிற ஒழுங்கைகளிலும் யாழ்ப்பாணச் சாமான் விற்கும் சின்னக் கடைகளில் தொடங்குங்கள். ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு, மோர் மிளகாய், வடகம் எல்லாம் வாசலிலேயே தொங்கும். மட்டக்களப்பு அம்மாவுக்கு இவை புதிதல்ல, ஆனால் வடக்குப் பக்குவம் வேறு என்று அவரே பேசத் தொடங்கிவிடுவார். பாதி நேரம் அதிலேயே போகும், போகட்டும். பனங்கட்டி வாங்கினால் ஓலைக் குட்டானில் கட்டியதைக் கேளுங்கள். குட்டானின் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஓலை நனைந்து பிசுபிசுத்தால் உள்ளே இளகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். கடைக்காரர் ஒரு துண்டு உடைத்துத் தந்தால் வாயில் போட்டுக் கொஞ்சம் பொறுங்கள். இனிப்புக்குப் பின்னால் ஒரு மெல்லிய கரிப்பு வரவேண்டும். வெறும் இனிப்போடு நின்றுவிட்டால் சீனி கலந்திருக்கலாம் என்று நான் சந்தேகப்படுவேன்.

மத்தியானச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கு முன் முடித்துவிடுங்கள். வெள்ளியும் போயாவும் ஒரே நாளில் வந்தால் நம்மவர் பாதிப்பேர் சைவம், சிங்களவரிலும் பலர் அன்று மரக்கறிதான். பன்னிரண்டரைக்குப் போனால் சைவக் கடையில் மற்றவர் சாப்பிட்டு எழும்பும்வரை கதிரைக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். அதே நேரத்தில் ஜும்மாத் தொழுகைக்காக முஸ்லிம் கடைகளும் கொஞ்ச நேரம் மூடப்படும் என்பதால், தம்பியின் கொத்து ரொட்டியை இரவுக்கு ஒத்திவைப்பது நல்லது.

அம்மாவின் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொழும்பில் சைவம் கெடுவது பெரும்பாலும் மாசிக் கருவாட்டால்தான். சீனிச் சம்பலில் மாசி, கட்டைச் சம்பலில் மாசி, சில கடைகளில் பருப்பிலும் சொதியிலும்கூட மாசி. பல கடைக்காரருக்கு அது மச்சமே இல்லை, உப்புப் புளி மாதிரி ஒரு சுவைச் சாமான். ஒருமுறை என் பெரியம்மாவுக்குச் சம்பல் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். "மரக்கறிதானே?" என்று கேட்டதற்குக் கடைக்காரரும் தலையாட்டினார். இரண்டாவது கடியில் பெரியம்மா நிறுத்தினார், பணிஸைப் பிரித்து ஒரு கறுப்புத் துணுக்கை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து நான் மரக்கறியா என்று கேட்பதில்லை. "உம்பலகட தாலாத?" என்று நேரே சிங்களத்தில் கேட்பேன், மாசி போட்டிருக்கா என்று அர்த்தம். தம்பிக்கு இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கிக் கொடுங்கள். சுத்த சைவக் கடைகளில் இந்தக் கவலை இல்லை, பேக்கரியிலும் பொதுவான சாப்பாட்டுக் கடையிலும் கேட்டே ஆகவேண்டும்.

தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், கட்லட், பற்றீஸ் எல்லாம் ஒரு தட்டில் குவித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். பதறத் தேவையில்லை. சாப்பிட்டதை மட்டும் எண்ணிக் காசு வாங்குவார்கள், மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அது போய்வருகிற பண்டம் என்பதால் நான் தட்டிலிருந்து எடுக்காமல், கண்ணாடிப் பெட்டியில் சூடாக இருப்பதைக் காட்டிக் கேட்பேன். என் வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

வெள்ளி பின்னேரம் வெள்ளவத்தை ஸ்டேஷனில் ரயில் ஏறிக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் காலிமுகத்திடல் போகலாம். கடலோரமாகவே தண்டவாளம் போவதால் பஸ்ஸைவிட இது சுகம். தம்பிக்கு இறால் வடை. அடுக்கி வைத்திருப்பதை வாங்காமல், கண்ணெதிரே எண்ணெயில் போட்டு எடுப்பதைக் காத்திருந்து வாங்குங்கள். முழு இறாலைத் தோலோடு வடையில் அழுத்திப் பொரிக்கிறார்கள், ஆறினால் தோல் ரப்பர் போல் இழுபடும். அம்மாவுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய அன்னாசியோ மாங்காயோ போதும். அதே எண்ணெயில் பொரித்த பருப்பு வடை அவருக்கு ஆகாது, அதைச் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் புறக்கோட்டையில் நில்லுங்கள். காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் எடுத்தால் நேரே கொண்டுபோய் விடும். மெனிங் மரக்கறிச் சந்தையைத் தேடாதீர்கள். அது பேலியகொடைக்குப் போய்ச் சில வருடமாகிறது, மீன் சந்தையும் அங்கேதான். விடிகாலை மொத்த வியாபாரம், சேறு, லொறி, மூட்டை தூக்கும் நாட்டாமைகளின் ஓட்டம். அம்மாவோடு போகிற இடமல்ல. புறக்கோட்டையில் நான்காம் குறுக்குத் தெரு போதும். செத்தல் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் போனதுமே தும்மல் வரும், கைலேஞ்சி எடுத்துப் போங்கள். அங்கிருந்து கபோஸ் லேனுக்கு நடந்தால் நாட்டு மருந்துக் கடைகள். காய்ந்த வில்வம்பூவைச் சிங்களத்தில் பெலிமல் என்பார்கள். கொதிக்க வைத்துச் சர்க்கரைக்கட்டி கடித்துக் குடிக்க நன்றாக இருக்கும், அம்மாவுக்கு ஒரு பக்கெட் வாங்கலாம்.

கறுவா வாங்குவதாக இருந்தால் குச்சியின் முனையைப் பாருங்கள். நம் நாட்டுக் கறுவாவில் கடதாசிபோல் மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டு மாதிரி நிறைந்திருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். தடித்த ஒற்றைப் பட்டை மரத்துண்டு போல் சுருண்டிருந்தால் அது வேறு சாதி. பக்கெட் சாமானில் அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள். நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம்.

சனி இரவு தம்பியை மட்டும் கொம்பனித்தெருவுக்குக் கூட்டிப் போங்கள். மலாய்க்காரர் வாழ்ந்த பழைய ஒழுங்கைகள் பலவற்றில் இப்போது அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. ஆனாலும் பாபத் கறியோடு பிட்டுச் சாப்பிட அதைவிட்டால் எனக்கு வேறு இடம் மனதுக்கு வருவதில்லை. பாபத் என்றால் மாட்டின் இரைப்பை. தம்பி மாடு சாப்பிடுவாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

ஞாயிறு ஊருக்குப் போகிறபோது பனங்கட்டிக் குட்டான்களைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், வேர்த்துவிடும். பத்திரிகைத் தாளில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் மட்டக்களப்பு போய்ச் சேருமுன் எறும்பு முந்திவிடும்.