புது மோட்டார் சைக்கிளின் முதல் மாதங்கள்: குளிர் நாட்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சில மாதங்களே ஆன நிலையில் புத்தம் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்திருக்கிறீர்கள். எஞ்சினை அணைத்த பிறகும் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது, முதல் கியர் விழும்போது 'டக்' என்று இடிக்கிறது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கு அணைய மறுக்கிறது, ஒரு நாள் செல்ஃப் ஸ்டார்ட் எடுக்கவே இல்லை, இவற்றில் எதற்காக வண்டியைக் கடைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரன்னிங்-இன் காலம், அதாவது புது எஞ்சினைக் கட்டுப்பாட்டோடு ஓட்டிப் பழக்கும் தொடக்கக் காலம், உண்மையிலேயே தேவையா, முதல் சர்வீஸை இவ்வளவு சீக்கிரம் செய்யத்தான் வேண்டுமா என்பவை உங்கள் அடுத்த கேள்விகள். நீங்கள் அஞ்சுகிறவற்றில் பெரும்பாலானவை பழுதே அல்ல. நீங்கள் கேட்காமல் விட்ட டயர்க் காற்று, செயின், சாலை உப்பு ஆகியவைதான் இந்தத் தட்பவெப்பத்தில் புது வண்டிக்கு உண்மையான கேடு செய்பவை. அவை சத்தம் போட்டு உங்களைக் கூப்பிடுவதில்லை.

சத்தங்களை முதலில் முடித்துவிடுகிறேன். சூடேறிய சைலன்சர் குழாயும் எஞ்சினும் குளிரும்போது உலோகம் சுருங்குவதால்தான் அந்த 'டிக் டிக்' எழுகிறது. வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு வேகமாகக் கேட்கும். நீர் குளிர்விப்பு உள்ள வண்டியில் சாவியை எடுத்த பிறகும் விசிறி சிறிது நேரம் சுழலலாம். முதல் சில நாட்களில் வரும் தீய்ந்த வாடை, உலோகப் பாகங்களின் மேல் தொழிற்சாலையில் பூசிய பாதுகாப்புப் பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் எரிவதால் வருவது. பளபளத்த எஃகுக் குழாய் எஞ்சினுக்கு அருகில் பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறுவது சூட்டின் விளைவு. துடைத்தால் போகாது, போகவும் வேண்டியதில்லை. முதல் கியரின் 'டக்', கிளட்ச் தட்டுகள் குளிர்ந்து தடித்த ஆயிலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் உண்டாகிறது. கிளட்சை அழுத்திப் பிடித்து ஓரிரு நொடி பொறுத்துக் கியரைப் போட்டால் சத்தம் பெரும்பாலும் தணியும்.

வெள்ளைப் புகையைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பெட்ரோல் எரியும்போது நீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. வெப்ப நாட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் அந்த ஆவி, இங்கே குளிர்காற்றில் பட்டவுடன் வெண்மையாகத் தெரிகிறது, குழாயின் நுனியில் சொட்டாகவும் விழுகிறது. வண்டி சூடேறியதும் மறைந்துவிட்டால் அதை மறந்துவிடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின்னும் நீலம் கலந்த புகை வந்தால் ஆயில் எரிகிறது என்றும், இனிப்பான வாடையுடன் வெண்புகை நிற்காமல் வந்தால் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே கசிகிறது என்றும் சந்தேகிக்க வேண்டும். இவ்விரண்டும் கடைக்காரரிடம் உடனே காட்ட வேண்டியவை.

ஏபிஎஸ் விளக்கு, வண்டி நிற்கும்போது எரிந்துகொண்டுதான் இருக்கும். சக்கரங்களின் உணரிகள் (சென்சார்கள்) வேலை செய்கின்றனவா என்பதை வண்டி நகர்ந்த பிறகே அந்த அமைப்பால் சோதிக்க முடியும் என்பதால், மெதுவாகச் சில மீட்டர் போனதும் அது அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்தால்தான் பழுது. ஒரு விதிவிலக்கு: பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி எஞ்சினால் சுழற்றினால், முன் சக்கரம் அசையாமல் பின் சக்கரம் மட்டும் சுற்றுவதைக் கணினி பழுதாக எடுத்துக்கொண்டு விளக்கை எரியவிடலாம். பல வண்டிகளில் சாவியை அணைத்துப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் அது சரியாகிவிடும்.

செல்ஃப் ஸ்டார்ட் எடுக்காதபோது, பழுது என்று முடிவு செய்யுமுன் எஞ்சினை உடனே அணைக்கும் சிவப்பு நிறக் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, நியூட்ரல், கிளட்ச் ஆகிய நான்கையும் பாருங்கள். கியரில் இருக்கும் வண்டி, சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் ஸ்டார்ட் ஆகாது, ஓடிக்கொண்டிருந்தால் அணைந்துவிடும். அது நம் பாதுகாப்புக்காகவே வைக்கப்பட்டது. இவை சரியாக இருந்தும் 'கட கட' என்ற ஒலி மட்டும் வந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. புது வண்டியின் பேட்டரி எப்படித் தளரும் என்று நீங்கள் கேட்கலாம். திருட்டு எச்சரிக்கைக் கருவி, வண்டி நிற்கும்போதும் சிறிது சிறிதாக மின்சாரம் இழுக்கும்; கடும் குளிரில் ஈய அமிலப் பேட்டரியின் தரும் திறன் பாதியளவுக்கே குறைந்துவிடலாம். இன்னொரு காரணம் பலருக்குத் தெரிவதில்லை. சில வண்டிகளில் ஹேண்டில் பூட்டைத் தாண்டிச் சாவியை இன்னும் ஒரு படி திருப்பினால் பார்க்கிங் விளக்கு எரியத் தொடங்கும், சாவியும் கையோடு வந்துவிடும். இரவு முழுவதும் அந்தச் சிறு விளக்கு எரிந்து பேட்டரியைக் காலி செய்துவிடும். பூட்டிய பிறகு ஒரு முறை பின்னால் திரும்பிப் பாருங்கள். முழுமையாக மின்னேறிய ஈய அமிலப் பேட்டரி, வண்டி ஓய்வில் நிற்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.4-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் செய்ய வேண்டும். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் பேட்டரி நிறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லித்தியம் பேட்டரி என்றால் அதற்கென்று உள்ள சார்ஜரையே பயன்படுத்துங்கள்.

ரன்னிங்-இன் பற்றி இரண்டு கட்சிகள் எப்போதும் சண்டையிட்டுக்கொண்டிருக்கும். பொத்திப் பொத்தி ஓட்ட வேண்டும் என்பது ஒன்று. முதல் நாளிலேயே முறுக்கி ஓட்டினால்தான் எஞ்சினுக்கு வலு வரும் என்பது மற்றொன்று. என் கருத்தில், வண்டியோடு வந்த கையேட்டை மீறுவதற்கு இரண்டு கட்சியுமே போதிய காரணம் சொல்வதில்லை. சிலிண்டர் சுவரில் உள்ள மிக நுண்ணிய கீறல்களோடு பிஸ்டன் ரிங்குகள் உரசித் தமக்கான இருக்கையை அமைத்துக்கொள்ள வேண்டும். கியர்ப் பற்களும் பேரிங்குகளும் தம் மேடுகளைத் தேய்த்துச் சமமாக்கிக்கொள்ள வேண்டும். இக்கால எந்திர வேலைப்பாடு துல்லியமானது என்பதால் இந்த வேலை முன்பைவிட எளிதாக முடிகிறது, ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. பல தயாரிப்பாளர்கள் முதல் 1000 முதல் 1600 கிலோமீட்டர் வரை ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) மானியில் சிவப்புக் கோடு காட்டும் உச்ச அளவில் பாதியிலும், பிறகு சற்றுக் கூடுதலாகவும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் வண்டியின் எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட முக்கியமானது ஓட்டும் விதம். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போவது புது எஞ்சினுக்கு நல்லதல்ல. உயர்ந்த கியரில் மெதுவாக இழுத்துத் திணறவைப்பது அதைவிடக் கெடுதல். வளைவும் ஏற்ற இறக்கமும் உள்ள சிறு சாலைகளில், ஆர்பிஎம் ஏறியும் இறங்கியும் இருக்குமாறு, கியரை அடிக்கடி மாற்றி ஓட்டுவதே சிறந்தது. வேலைக்குப் போக நெடுஞ்சாலையைத் தவிர வேறு வழியில்லை என்றால், வேகத்தை அவ்வப்போது சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள்.

குளிரில் இதற்கு ஒரு கூடுதல் விதி உண்டு. ஸ்டார்ட் செய்து நீண்ட நேரம் நிற்கவிடாமல், ஒரு நிமிடத்துக்குள் கிளம்பி, முதல் சில கிலோமீட்டரை மென்மையாக ஓட்டுங்கள். கூலண்ட் சூட்டைக் காட்டும் மானி மேலே ஏறிவிட்டாலும் எஞ்சின் ஆயில் அதைவிட மெதுவாகவே சூடேறும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் வேலையிடம் இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருந்தால் இன்னொரு தொல்லை உண்டாகும்: எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்து, ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் போன்ற நுரையாகத் தெரியும். அதைக் கண்டு எஞ்சின் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் பலர். வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டினால் அது மறையும். நல்ல ஓட்டத்துக்குப் பின்னும் மறையாமல், கூலண்ட் அளவும் குறைந்துகொண்டே போனால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டும்.

முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். பெரும்பாலும் 1000 கிலோமீட்டர் அளவில் வரும் அந்தச் சர்வீஸில், தொடக்கத் தேய்மானத்தில் உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகள்கள் பழைய ஆயிலோடும் ஃபில்டரோடும் வெளியேறுகின்றன. போல்ட்டுகளின் இறுக்கமும் செயினும் சரிபார்க்கப்படுகின்றன. தூரம் அல்லது காலம், எது முதலில் வருகிறதோ அதன்படி செய்ய வேண்டும் என்று வாரண்டி நிபந்தனையில் எழுதியிருப்பார்கள் என்பதால், குறைவாக ஓட்டுகிறவர்களே இதில் அதிகம் தவறுகிறார்கள். ரசீதையும் சர்வீஸ் பதிவையும் பத்திரப்படுத்துங்கள். இடையில் ஆயில் அளவு பார்க்கும்போது, சைடு ஸ்டாண்டில் சாய்ந்த நிலையில் பார்த்துக் குறைவு என்று எண்ணி ஊற்றிவிடக் கூடாது. வண்டியை நேராக நிமிர்த்தி, கையேடு சொல்லும் சூட்டு நிலையில் பார்க்க வேண்டும். கார் ஆயிலைக் கையில் கிடைத்தது என்று ஊற்ற வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்சும் அதே ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால், உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயில் கிளட்சை நழுவவைக்கலாம். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்ற, ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காதவை. புது டயரின் மேற்பரப்பு மிக வழுவழுப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் அளவுக்கு வளைவில் அதிகம் சாய்க்காமல், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாகச் சாய்வைக் கூட்டி ஓட்டித்தான் அது பிடிப்புப் பெறும். பிரேக் பேடுகளும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கும் இதேபோல் அவகாசம் வேண்டும்: நடுத்தர வேகத்திலிருந்து மிதமாகப் பல முறை வேகம் குறைத்துப் பழக்குங்கள். இவை எங்கும் பொருந்துபவை. குளிர் சேர்க்கும் பகுதி என்னவென்றால், ரப்பர் சூடேறவே நேரம் பிடிக்கிறது, ஈரமான பத்து டிகிரிக் காலையில் புது டயரை எந்த வளைவிலும் நம்பக் கூடாது. காற்றழுத்தமும் வெப்பநிலையோடு இறங்குகிறது. இருபது டிகிரியில் சரியாக நிரப்பிய டயர், பூஜ்ஜியத்துக்கு வெப்பநிலை இறங்கினால் துளையே இல்லாமல் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) இழந்துவிடும். கோடையின் இறுதியில் வண்டி எடுத்தவர் பனிக்காலம் வந்ததும் வண்டி வளைவில் கனமாக இருக்கிறது என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சொந்தமாக ஓர் அழுத்தமானி வைத்துக்கொண்டு, வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள்.

செயினைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். புதுச் செயின் தொடக்கத்தில் சற்று விரைவாகத் தளரும், அதனால் முதல் சர்வீஸ் வரை அடிக்கடி பாருங்கள். எவ்வளவு தளர்ச்சி இருக்க வேண்டும் என்பது பின் சக்கரத்தைத் தாங்கும் 'ஸ்விங் ஆர்ம்' என்ற பாகத்தில் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். பல சாலை வண்டிகளுக்கு 25 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும், உயரமான வண்டிகளுக்குக் கூடுதலாகவும் இருக்கும். தளர்ந்த செயினைக் கண்டு பயந்து இழுத்துக் கட்டிவிடுவது புதியவர்களின் இயல்பு. ஆனால் நீங்கள் ஏறி உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது செயின் மேலும் இறுகும் என்பதால், அதிக இறுக்கம் கியர்ப்பெட்டியின் பேரிங்கையே கெடுக்கும். அளவுக்குச் சற்றுத் தளர்வாக இருப்பது அதைவிட மன்னிக்கத்தக்கது. 500 முதல் 1000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், மழையில் ஓட்டிய பிறகும் செயின் எண்ணெய் போடுங்கள். ஓட்டி முடித்துச் செயின் சூடாக இருக்கும்போது போட்டால் நன்றாக ஊறும். ரப்பர் வளையங்கள் உள்ள செயினைப் பெட்ரோலிலும் கம்பித் தூரிகையாலும் கழுவக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரம் சுழலும்போது செயினைத் துடைக்கவே கூடாது, விரல் போய்விடும். சக்கரத்தைக் கையால் உருட்டியே செய்யுங்கள்.

பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு, ஒரே பருவத்தில் புது வண்டியைப் பழையதாக்கிவிடும். போல்ட்டுத் தலைகள், ஸ்போக்குகள், ரேடியேட்டர், பிரேக் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) ஆகியவற்றில்தான் அது முதலில் பிடிக்கும். ஓட்டிய அன்றே குளிர்ந்த நீரால் அலசிவிடுங்கள். வெந்நீர் உப்பின் அரிப்பை விரைவுபடுத்தும். உயர் அழுத்தக் குழாயைச் சக்கர பேரிங்குகளுக்கும் செயினுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். அரிப்புத் தடுப்புத் தெளிப்பானை அடிக்கும்போது பிரேக் டிஸ்க், பேடு, டயர் ஆகியவற்றில் ஒரு துளியும் படக் கூடாது. குளிர்காலம் முழுவதும் வண்டியை நிறுத்திவைப்பது என்று முடிவு செய்தால், தேய்ந்த ஆயிலை மாற்றி, டேங்கை நிரப்பி அதில் பெட்ரோல் கெடாமல் காக்கும் எரிபொருள் நிலைப்படுத்தியைச் சேர்த்து, பேட்டரியைப் பராமரிப்புச் சார்ஜரில் போட்டுவையுங்கள்.

காகித வேலை இரண்டு. வண்டியில் நீங்கள் செய்யும் மாற்றங்களை, வேறு சைலன்சர் போடுவதையும் சேர்த்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்; இரவில் வண்டி நிற்கும் இடம் மாறினாலும் தெரிவியுங்கள், ஏனெனில் சொல்லாமல் விட்டது விபத்துக்குப் பிறகுதான் கேள்வியாக வரும். மற்றொன்று, புதிதாக வந்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் அடிக்கடி வீடு மாறுகிறோம். தயாரிப்பில் குறை கண்டு நிறுவனம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும்போது, கடிதம் வண்டி பதிவான முகவரிக்கே போகும். வீடு மாறும் ஒவ்வொரு முறையும் பதிவு ஆவணத்தில் முகவரியை மாற்றுங்கள். இடையில் எப்போதாவது தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் சேசிஸ் எண்ணை இட்டு, நிலுவையில் ஏதாவது அழைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வேலையை விற்பனைக் கூடத்தில் கட்டணமின்றியே செய்து தருவார்கள்.