திருப்பிக் கொடுக்காத கேசட்

கேள்வி: 1980களின் பிற்பகுதியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். உடன் படித்த மாணவி ஒருவர், தாமே பாட்டுகளைத் தெரிவு செய்து கடையில் பதிவு செய்வித்த கேசட் ஒன்றை, ஊருக்குத் திரும்பிய ரயிலில், நாவலப்பிட்டியில் இறங்குமுன் என் கையில் தந்து, “கேட்டுவிட்டுத் தாருங்கள்” என்றார். அத்துடன் வளாகம் மூடப்பட்டது; மீண்டும் திறந்தபோது அவர் வரவில்லை. நானும் எதுவும் எழுதவில்லை. சென்ற மாதம் மகள் அலுமாரியைத் துப்புரவு செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. கேட்ட நாள் முதல் உறக்கமில்லை. ஒவ்வொரு பாட்டும் தொடங்குமுன்பே எங்கோ தூரத்தில் ஒலிக்கிறது. இது என் பிரமையா? அவரைத் தேடிக் கண்டுபிடித்துக் கேசட்டைத் திருப்பிக் கொடுப்பது முறையா? (இதை யார் தந்தது என்று என் மனைவிக்குத் தெரியாது.)
– ஓர் ஆசிரியர், தலவாக்கலை

பதில்: பிரமை இல்லை. நாடா சுருளாகவே பல ஆண்டுகள் கிடக்கும்போது, ஒரு சுற்றிலுள்ள காந்தப் பதிவு அதனை ஒட்டிக் கிடக்கும் அடுத்த சுற்றிலும் மங்கலாகப் படிந்துவிடுகிறது. அதனால்தான் பாட்டுக்கு முந்திய மௌனத்தில் அதே பாட்டின் நிழல் கேட்கிறது. நாடா எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு இது கூடும். 90 நிமிடக் கேசட்டின் நாடா 60 நிமிடக் கேசட்டினுடையதைவிட மெல்லியது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தேட வேண்டாம். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அலுமாரியில் கிடந்தபோது உறுத்தாத கடன், பாட்டைக் கேட்டவுடன் உறுத்துகிறதென்றால், கேசட்டைக் கொடுப்பது ஒரு சாக்கு. அன்று கேட்காமல் விட்ட கேள்விக்கு இன்று பதில் வேண்டும் என்பதே உங்கள் ஆசை. அவர் எந்த வீட்டில், யாருடன், என்ன நிலையில் இருக்கிறார் என்று அறியாமல் அந்தக் கேள்வியை அவருடைய வாசலில் கொண்டுபோய் வைக்க உங்களுக்கு உரிமையில்லை.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவையே முதுமையில் மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்றும், அந்த வயதில் கேட்ட பாட்டுகளே மனத்தை ஆழமாகக் கிளறுகின்றன என்றும் உளவியலாளர்கள் பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். விடுதியின் ஈரச் சுவர், மகாவலிக் கரை, ஹற்றனைக் கடந்து சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தபோது இருட்டில் அந்தச் சிறு பெட்டியை விரல்களால் தடவிப் பார்த்த இருபத்திரண்டு வயது ஆகிய எல்லாவற்றையும் பாட்டு ஒன்றாக இழுத்துக்கொண்டு வருகிறது. அந்த இழுப்பின் வேகத்தைக் காதலின் அளவென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இலங்கை வானொலியின் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சிக்கு நேயர்கள் எழுதி அனுப்பிய கதைகளை, பற்றரி ரேடியோவைச் சுற்றி அமர்ந்து கேட்ட தலைமுறை நம்முடையது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஒரு சந்திப்பு, அடுத்த பாட்டுக்கு முன் ஒரு பிரிவு என்று கேட்டுப் பழகிய காது, தன் கதைக்கும் அப்படி ஒரு முடிவு வரவேண்டும் என்று காத்திருக்கிறது. உங்களுக்கு நேர்ந்ததில் முடிவு இல்லை, இல்லாமலே இருக்கட்டும்.

ஆனால், “நானும் எதுவும் எழுதவில்லை” என்று உங்களைக் குற்றவாளியாக்கி எழுதியிருக்கும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. 1987 முதல் 1989 வரையான அந்தப் பயங்கர ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக் கிடந்தன. மாணவர் என்று சொல்லிக்கொள்வதே ஆபத்தாக இருந்த காலம் அது. நீங்கள் லயத்துப் பிள்ளையாக, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில் வளர்ந்தவராக இருந்திருந்தால் இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும்: தோட்டத்து முகவரிக்கு வரும் கடிதம் நேரே வீட்டுக்கு வராது. தோட்டக் காரியாலயத்தில் இறங்கி, பல கைகள் மாறித்தான் லயத்துக்கு வந்து சேரும். உறையின் மேல் ஒரு பெண்ணின் கையெழுத்து இருந்தால், உங்களுக்கு முன்பே, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கத் தொழிலாளர் கூடும் பெரட்டுக் களத்துக்கு அது தெரிந்துவிடும். இப்படிப்பட்ட வழியில் ஒரு பெண்ணின் பெயரை அனுப்பத் துணியாததைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அவரும் அதே காரணத்தால் எழுதாமல் இருந்திருக்கலாம்.

எனக்கு வருத்தம் தந்தது வேறொன்று. இவ்வளவு நீண்ட கடிதத்தில் உங்கள் மனைவி ஒரே ஒரு முறை, அதுவும் அடைப்புக்குறிக்குள் வருகிறார். உறக்கமில்லாமல் நீங்கள் புரண்டு படுப்பதை ஒவ்வோர் இரவும் பக்கத்தில் கிடந்து பார்க்கிறவர் அவர். இதில் மறைக்க வேண்டிய தவறு எதுவும் இல்லாதபோது, மறைப்பதாலேயே அதைத் தவறாக்கிவிடாதீர்கள்.

தலவாக்கலையின் ஈரத்தில் நாடா பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே முதலில் கேசட்டின் முதுகுப் புறத்திலுள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கைதவறியும் அதன் மேல் வேறெதுவும் பதியாது. பிறகு பாட்டுகளை மகளின் கணினியில் ஏற்றிக்கொள்ளுங்கள். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், மனைவியும் இருக்கும்போது, கூடத்தில் வைத்தே செய்யுங்கள். பாட்டுகளின் வரிசை எழுதிய அட்டையை ஒளிக்க வேண்டாம். இது யாருடைய கையெழுத்து என்று அவர் கேட்பார். பெயரைச் சொல்லுங்கள்.