கத்தாழைக் கயிறு பிரிந்துபோகிறதா?

வணக்கம் சகோதரி. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு வேலிக் கத்தாழையை ஊறப்போட்டு நார் எடுத்தீர்கள், திரித்த கயிறு கையை விட்டதும் பிரிகிறது, மாட்டுப்பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். முடியும், கவலை வேண்டாம்.

உங்கள் நாரில் குறையில்லை. புரியை, அதாவது கயிற்றின் ஒவ்வொரு இழையை, முறுக்கிய பக்கமே சேர்த்தும் முறுக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு புரியையும் தனித்தனியே வலப்பக்கம் நன்றாக முறுக்குங்கள். தளரவிட்டால் தானாகச் சுருள வேண்டும், அதுவே பதம். பிறகு இரண்டையும் இடப்பக்கமாகச் சேர்த்துத் திரியுங்கள். ஒன்று பிரியப் பார்க்கும்போது மற்றது இறுகும், கயிறு நிற்கும். நாரைக் கொஞ்சம் ஈரமாக்கிக்கொண்டால் கை வழுக்காது. புது நாரை இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்க்காதீர்கள், அங்கேதான் அறும். ஒரு சாண் தள்ளிச் சேருங்கள்.

மகனுக்குக் கை அரிக்கிறது என்றீர்களே, அதுதான் எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தாழைச் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. மட்டையைச் சீவுவதும் அலசுவதும் பெரியவர்கள் வேலை. அலசி வெயிலில் காய்ந்த நாரை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஊறிய தண்ணீரை மாட்டுத் தொட்டி, மீன் குளம் பக்கம் ஊற்ற வேண்டாம்.

மாட்டின் கழுத்தில் கட்டவும் கையில் பிடிக்கவும் இந்தக் கயிறு போதும். மூக்கணாங்கயிற்றுக்கு வேண்டாம், சொரசொரப்பு மூக்கைப் புண்ணாக்கும். அதற்குப் பருத்தி நூலைத் திரியுங்கள். ஒரு முனையைப் பாட்டி பிடிக்கட்டும், மறுமுனையைப் பேரன் முறுக்கட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான்.