ஆலையை மூடப்போகிறார்கள், வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

பெரிய தொகை ஒன்றைக் காட்டி இந்த வாரமே கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்குப் போடாதீர்கள். முதலில் அந்தத் தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான் சங்கப் பொறுப்பில் இருந்த ஆலையை மூடியபோது நிர்வாகம் சொன்ன தொகையைக் கேட்டுப் பலருக்கும் நிம்மதி. உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பணிக்கொடை, பி.எஃப்., மிச்சமிருந்த விடுப்புக்கான சம்பளம் எல்லாமே அதற்குள் அடக்கம். ஆலை ஓடினாலும் மூடினாலும் அவை உங்கள் பணம். அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வேலையை விடுவதற்காக அவர்கள் புதிதாகத் தருவது.

மூடலுக்கான இழப்பீடு தனி. ஒவ்வொரு ஆண்டு சர்வீசுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் சட்டப்படியே உண்டு, ஆகவே மிஞ்சும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையை அரசின் முன் அனுமதி இல்லாமல் மூட முடியாது. முன்பு 100 பேர் இருந்தாலே அனுமதி வேண்டும், 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை உயர்த்திவிட்டது, சிறு ஆலைத் தொழிலாளர்களுக்கு இது பெரிய அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் 'விருப்பப்பட்டு' எழுதிக்கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு இருந்தும் பயனில்லை. 2014-இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் நவம்பர் 1 அன்று உற்பத்தி நிற்பதற்குப் பல மாதம் முன்பே ஆயிரக்கணக்கானோர் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு. நீங்கள் அதில் இருந்து, போதிய காலம் சந்தா கட்டியிருந்தால், ஆலை மூடலால் வேலை போனவருக்கு முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதமும் அடுத்த 12 மாதம் 25 சதவீதமும் வேலையின்மைப் படி உண்டு, அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு மருத்துவமும் தொடரும். தானாக ஓய்வு பெற்றவருக்கு அது கிடையாது. வீட்டில் தொடர் சிகிச்சையில் யாராவது இருந்தால் இதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

தொகை நியாயமாக இருந்தால் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, கடன் நெருக்கும்போது காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் தனித்தனியாகப் போய்ப் பேசாதீர்கள், சங்கம் வழியாகவே பேசுங்கள், பேசும்போது ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே லைனில் நின்று அதே வேலை பார்த்தவர்களுக்கு வி.ஆர்.எஸ். பேச்சே வராது. கான்ட்ராக்டர் அவர்களுக்குச் சம்பளப் பாக்கி வைத்துவிட்டுப் போனால் ஆலை நிர்வாகம்தான் அதைக் கொடுத்தாக வேண்டும், கேட் பூட்டும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.