என் லான்சர் எவோ காரை நுவரெலியாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் அனுப்பப் போகிறேன். அதை எப்படித் தயார்படுத்துவது?

இறக்குமதித் தடையால் பழைய கார்களுக்கு நல்ல விலை, விற்றுவிட்டுப் போங்களேன் என்று உங்களுக்கும் பலர் சொல்லியிருப்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து, 2025 பெப்ரவரியில் அது மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும்கூட, எனக்கு இந்தப் புத்திமதி ஓய்ந்தபாடில்லை. விற்பதா அனுப்புவதா என்பது நீங்கள் கேட்காத கேள்வி என்பதால் அதை விட்டுவிடுகிறேன். தலவாக்கலையில் சிறியதொரு கராஜ் நடத்துபவன் நான். விபத்தில் முன்பக்கம் நசுங்கிக் கிடந்த 1999ஆம் ஆண்டு எவோ சிக்ஸ் ஒன்றை வாங்கி, கையில் காசு புரண்டபோதெல்லாம் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து, நுவரெலியா ஏப்ரல் சீசனில் நடக்கும் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார் பந்தயத்திலும் ஓட்டிப் பார்த்து, கடைசியில் மெல்பேர்னில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவைத்தேன். கப்பல் முகவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு நம் மலைநாட்டு ஈரம் தெரியாது.

கடதாசி வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 25 வருடங்களைக் கடந்த வாகனங்களை அவுஸ்திரேலியா தனிப் பிரிவாக அனுமதிக்கிறது. அந்த இறக்குமதி அனுமதி கைக்கு வரும்வரை காரைக் கொள்கலனுக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோக வேண்டாம். அஸ்பெஸ்டஸ் கலந்த எதையும் அந்த நாடு உள்ளே விடாது. ஆகவே பழைய கேஸ்கட், பிரேக் பேட், கிளட்ச் பிளேட் ஆகியவற்றில் எதைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால் இங்கேயே மாற்றி, பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். பந்தயத்துக்காகப் பொருத்திய தீயணைப்புக் குப்பி, நைட்ரஸ் குப்பி போன்றவை அபாயகரமான பொருட்கள் என்ற கணக்கில் சேருவதால் அவற்றைக் கழற்றிவிடுவதே நல்லது. பெற்றோலைக் கால் தாங்கிக்கும் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். கார் குலுங்கும், கீறல் விழும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள்; நான் பயந்தது தண்ணீருக்கு, அதிலும் வெளியிலிருந்து வரும் கடல்நீருக்கு அல்ல, உள்ளேயே இருக்கும் தண்ணீருக்கு. பகல் வெயிலில் கொள்கலன் சூடாகும்போது அதன் பலகைத் தரையிலும் காரின் விரிப்பிலும் உள்ள ஈரம் ஆவியாகி எழும். இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி நீராகித் துளித்துளியாகக் கார்மீதே சொட்டும். கப்பல் தெற்கே போகப்போகக் கடலும் காற்றும் குளிர்வதால் இது இன்னும் மோசமாகும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், வருடத்தில் பாதி நாள் பனிமூட்டத்தில் கிடக்கும் ஊர். அங்கே கழுவிய கார் பார்வைக்குக் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் காய்ந்திராது.

என் காரில் இதை நான் வீரகேசரிப் பத்திரிகைத் தாளை வைத்துச் சோதித்தேன். பயணி பக்கக் கால்விரிப்பைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் பஞ்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு தாளை நான்காக மடித்துச் செருகிவிட்டு, மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தேன். விரிப்பின் மேற்பரப்பு கைக்கு உலர்ந்தே இருந்தது. தாளோ தொய்ந்துபோய், மை விரலில் ஒட்டியது. அதனால் அடிப்பாகத்தை மட்டும் தலவாக்கலையில் கழுவினேன். தோட்டத்து மண்ணும் புல்விதையும் இருந்தால் அவுஸ்திரேலிய உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகள் காரைத் தடுத்துவைத்து, நம் செலவில் மறுபடி கழுவச் சொல்வார்கள். மட்காட்டின் உள்மடிப்பு, இன்டர்கூலரின் தகட்டிடுக்கு, முன் கண்ணாடிக்குக் கீழே இலை சேரும் பள்ளம் ஆகிய மூன்றையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு காரை ஓட்டாமல், கெரியர் லொறியில் ஏற்றி, ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக இறக்கி, வத்தளையில் உறவினர் வீட்டு முற்றத்தில் நிறுத்தினேன். இருக்கைகளையும் விரிப்பையும் கழற்றிக் கொழும்பு வெயிலில் போட்டு, செருகிய தாள் மொறுமொறுவென்று வெளிவரும்வரை முகவரிடம் திகதி கேட்கவில்லை. இதற்காக ஆன கூடுதல் செலவை வீண் என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். அது ஈரத்தைப் பூச்சோடு சேர்த்து அடைத்துவைக்கும். கல்சியம் குளோரைட் ஈர உறிஞ்சிப் பைகளைக் கொள்கலனின் பக்கச் சுவர்களில் தொங்கவிடுங்கள், காருக்கு நேர் மேலே வேண்டாம். அவை ஈரத்தை இழுத்து உப்புநீராகும். அந்த நீர் கசிந்தால் இரும்பை அரிக்கும்.

ஏற்றும் நாளில் நீங்களே அங்கே நில்லுங்கள். கொள்கலனின் உள் அகலம் சுமார் 2.35 மீற்றர், எவோ சிக்ஸின் அகலம் 1.77 மீற்றர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு ஒரு அடிகூட மிஞ்சாது. நான் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தேன். முன் பம்பர் தாழ்வாக இருப்பதால் ஏற்றத்துக்கு நீளமான பலகைகளைக் கேட்டு வாங்குங்கள். பட்டிகளைச் சில்லுகளைச் சுற்றித்தான் கட்ட வேண்டும். அவசரத்தில் சஸ்பென்ஷன் கைகளில் கொக்கி மாட்டப் பார்ப்பார்கள், விடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவைத்தால் வாரக்கணக்கில் நின்று பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கியரில் போட்டுக் கட்டை வைப்பதே சரி. பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி டேப் சுற்றுங்கள்.

கொள்கலன் ஏற்றும் அந்த இடத்தில் ஒரு எழுதுவினைஞர் என் அடையாள அட்டையில் இருந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரைப் பார்த்துவிட்டு, வாகனச் சொந்தக்காரர் வரவில்லையா என்று என்னிடமே கேட்டார். பதிவுப் புத்தகத்தை விரித்து, என் பெயரில் விரலை வைத்துக் காட்டிய பிறகும், செசி இலக்கத்தைச் சரிபார்க்க அவர் என்னை விட்டுவிட்டு லொறிச் சாரதியைத்தான் கூப்பிட்டார். எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு இது புதிதல்ல, உங்களுக்கும் நேரலாம். மூலப் பத்திரங்களை எவர் கையிலும் விட்டுவிடாமல் பிரதிகளை மட்டும் கொடுங்கள்.

காப்புறுதியில் மலிவானதைத் தேடாதீர்கள். முழு இழப்புக்கு மட்டும் பணம் தரும் ஒப்பந்தம் ஒரு கதவு நசுங்கினால் உதவாது. கப்பலைக் காப்பாற்றச் செலவானால் அதில் சரக்குச் சொந்தக்காரர்களும் பங்கு கொடுக்க வேண்டும். 2021இல் சுயஸ் கால்வாயில் எவர் கிவன் கப்பல் சிக்கியபோது அப்படித்தான் அறிவித்தார்கள். உங்கள் ஒப்பந்தம் அந்தப் பங்கையும் ஏற்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொள்கலனை மூடும் முன் நான்கு பக்கமும், கிலோமீற்றர் காட்டும் முகப்பும், கட்டிய பட்டிகளும், மூடியதும் முத்திரை இலக்கமும் தெரியும்படி படம் எடுங்கள்.

அங்கே காரை இறக்குபவருக்கு ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள். நெடுநாள் நின்ற டர்போ எஞ்சினை உடனே உயிர்ப்பிக்கக் கூடாது. பெற்றோல் பம்பின் ரிலேயைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சிறுகச் சிறுகச் சுற்றி, அதன் பிறகே ரிலேயைப் பொருத்தி ஸ்டார்ட் செய்ய வேண்டும். என் மகனுக்கு இதை ஒரு தாளில் எழுதி, ஸ்டீயரிங்கிலேயே ஒட்டி அனுப்பினேன்.